கிட்டப்பா: இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த குரல்

தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் விரைவுத் தொடர்வண்டியொன்று 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் தொடங்கப்பெற்றது. மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்குடி, அருப்புக்கோட்டை, திருநெல்வேலி, தென்காசி என நீளும் அதன் பாதையில் இரண்டு ஊர்கள் தமிழ் நாடக இசையின் வரலாற்றோடு பிரிக்க முடியாத தொடர்புடையவை. ஒன்று, வண்டி சென்று சேரும் செங்கோட்டை. மற்றொன்று, அது கடந்து செல்லும் திருவாரூர். முன்னது ஒரு குரல் பிறந்த ஊர். பின்னது அக்குரல் மேடையில் தளர்ந்து வீழ்ந்த ஊர். சேலையூர், செம்பாக்கம், தாம்பரம் வட்டாரத்து மக்கள் செங்கோட்டை என்னும் பெயரை நடைமேடை அறிவிப்பில் நாள்தோறும் கேட்கின்றனர். அப்பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்டு தமிழகம் முழுவதையும் ஆண்ட செங்கோட்டை கங்காதர ஐயர் கிட்டப்பா என்னும் எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைப்பவர் இன்று சிலரே.

அவர் வாழ்ந்தது இருபத்தேழு ஆண்டுகள். அவற்றுள் ஏறத்தாழ இருபத்தோராண்டுகள் மேடையில் கழிந்தன. புகழ் தேடிச் சென்று பெற்றவர் அல்லர் அவர். புகழ் என்பது இன்னதென்று அறியும் வயதுக்கு முன்பே அது அவரை வந்து பற்றிக்கொண்டது. சின்னஞ்சிறு வயதில் ஒரு குழந்தையின் தொண்டையில் ஊர் கண்டெடுத்த செல்வத்தை ஊர் எவ்வாறு செலவிட்டது என்பதே அவர் வரலாறு எழுப்பும் வினா.

பிறப்பும் வறுமையும்

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் செங்கோட்டையில் பிறந்தார். தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டில் செல்லமாக வழங்கிய கிட்டன் என்னும் அழைப்பே பின்னர்க் கிட்டப்பா என்றாகி நிலைத்தது. அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லைக்கோடு எங்கே ஓடினாலும் ஊரின் மொழி தமிழே. பொதிகை மலைச் சாரலும் குற்றால அருவியும் அருகிருக்கும் அவ்வூரில் கோயில் திருவிழாவும் நாடகமும் பாட்டும் மக்கள் வாழ்வில் ஒன்றியிருந்தன.

குடும்பம் பெரியது, வருவாய் சிறியது. மூத்த பிள்ளைகள் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து பிழைப்புத் தேடினர். அண்ணன்மார் சென்ற வழியிலேயே இளையவரும் சென்றார். ஆறு வயதளவில் கிட்டப்பா மேடையேறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஏடும் எழுத்தாணியும் பழகவேண்டிய வயதில் பாடமும் பாட்டும் நெட்டுருச் செய்யும் பயிற்சி அவருக்குக் கிட்டியது. குருகுல முறையில் ஒரு வித்துவானிடம் ஆண்டுக்கணக்கில் தங்கி இசை பயிலும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. கேட்டதைக் கேட்டவாறே பிடித்துக்கொள்ளும் செவியும், பிடித்ததைத் தன்னுடையதாக்கித் திருப்பித் தரும் தொண்டையுமே அவர்தம் குருநாதர்கள் எனலாம். அண்ணன்மாருள் ஒருவரான காசி ஐயர் ஆர்மோனியத்தில் வல்லவர். தம்பியின் குரலுக்குப் பக்கத்துணையாக அவரது ஆர்மோனியம் நெடுங்காலம் ஒலித்தது.

பாலர் மேடை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடகத்தை ஒழுங்கு செய்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). பெரியவர்களைக் கொண்ட குழுக்களில் கட்டுப்பாடு குலைந்தமை கண்டு, சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகம் நடத்தும் முறைக்கு அவர் வலிமை சேர்த்தார். மதுரையில் 1918ஆம் ஆண்டு அவரைத் தலைமையாகக் கொண்டு எழுந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலேதான் தி.க. சண்முகம் சகோதரர்கள் பயின்றனர். பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் வழங்கிய இத்தகைய குழுக்களின் அன்றாட வாழ்வைச் சண்முகம் தம் தன்வரலாற்று நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். கம்பெனி வீட்டிலேயே உணவும் உறக்கமும், பகலெல்லாம் பாடமும் பாட்டும், இரவெல்லாம் நாடகம். பெற்றோரைப் பிரிந்த சிறுவர்களுக்கு வாத்தியாரே தந்தை, கம்பெனியே குடும்பம்.

இக்குழுக்களில் ஒரு சிறுவனின் மதிப்பு அவன் சாரீரத்தைப் பொறுத்தது. அம்மதிப்பு நிலையற்றது என்பதையும் எல்லாரும் அறிவர். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு என்னும் குரலுடைவு வரும். நேற்றுவரை கொட்டகையைக் கட்டிப்போட்ட பையன் இன்று பாட வாயெடுத்தால் கரகரப்பே மிஞ்சும். பலருடைய மேடை வாழ்வு அத்துடன் முடிந்தது. சிலர் பின்பாட்டுக்கும், திரை இழுக்கும் வேலைக்கும் போயினர். சிலர் ஊர் திரும்பினர். கம்பெனிகளோ அடுத்த சிறுவனைத் தேடிக்கொண்டன.

கிட்டப்பாவின் விந்தை இங்கேதான் தொடங்குகிறது. ஆண்மகனாக வளர்ந்த பின்னும் அவர் சாரீரம் கீழே இறங்கவில்லை. ஆடவர் பாடகர் பொதுவாக ஒரு கட்டை, இரண்டு கட்டைச் சுருதியில் பாடுவது வழக்கம். கிட்டப்பா ஐந்து கட்டையில் பாடினார். அது பெண் குரலுக்குரிய உயரம். அவ்வுயரத்தில் நின்று மேல்நிலையைத் தொட்டு, அங்கேயே நிரவல்போல் உலவி, பிர்காக்களை மணிகளாக உதிர்த்துக் கீழிறங்கும் ஆற்றல் அவருக்கு இயல்பாக இருந்தது. ஒலிபெருக்கி தமிழ் மேடைக்கு வராத காலம் அது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் கீற்றுக்கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டவேண்டுமானால் உயர்ந்த சுருதி ஒன்றே வழி. அன்றைய நாடக மேடை கேட்ட குரல் எதுவோ, அதுவாகவே அவர் பிறந்திருந்தார்.

கன்னையா கம்பெனி

1910களின் இறுதியில் கிட்டப்பா கன்னையா நாயுடுவின் ஸ்ரீகிருஷ்ண விநோத சபையில் சேர்ந்தார். கன்னையா கம்பெனி என்றே மக்கள் அதனை அறிவர். காட்சி ஜோடனையில் அக்குழுவுக்கு நிகர் அன்று வேறில்லை. தசாவதாரம் என்னும் நாடகத்தில் திருமாலின் பத்துப் பிறவிகளையும் கண்முன் நிறுத்திய திரைகளும் அணிகளும் மின்விளக்குகளும் மக்களைத் திரள் திரளாக ஈர்த்தன. சென்னை வால்டாக்ஸ் சாலையிலிருந்த ஒற்றைவாடைக் கொட்டகையில் அந்நாடகம் நடந்த காலத்தைப் பழம்பெரும் நாடகக் கலைஞர்கள் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். கண்ணுக்கு விருந்து கன்னையாவின் ஜோடனை என்றால், செவிக்கு விருந்து கிட்டப்பாவின் பாட்டு. மோகினியாகவும் பரதனாகவும் தோன்றிய அவ்விளைஞரைக் கேட்பதற்கென்றே வந்தவர் மிகப் பலர்.

இக்காலத்தில் அவர் செய்த ஒரு செயல் தமிழிசை வரலாற்றில் தனியே எண்ணத்தக்கது. கச்சேரி மேடைக்கே உரியவை என்று கருதப்பட்ட கீர்த்தனைகளை அவர் நாடகக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். சபாக்களின் படியேறியறியாத உழவரும் கூலியாளரும் கடைச் சிப்பந்தியும் தியாகராசரின் கீர்த்தனையை முதன்முதலாகக் கேட்டது அவர் வாயிலாகவே எனில் அது மிகையன்று. தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் அமைந்த எவரனி என்னும் தெலுங்குக் கீர்த்தனை அவர் பாடியதனால் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் அறிமுகமாயிற்று. அதேபோல், கோடையின் வெம்மையில் இளைப்பாற்றும் நிழலாக இறைவனைக் காணும் வள்ளலாரின் விருத்தத்தை அவர் பாடியபோது, திருவருட்பா ஓதுவார்களின் எல்லையைக் கடந்து பொதுமக்களின் செவிச்செல்வமாயிற்று. சாத்திரம் கற்ற வித்துவான்களும் சாதாரண மக்களும் ஒரே பந்தலில் அமர்ந்து ஒரே பாட்டைச் சுவைத்தனர். இன்று பெரிய செய்தியாகத் தோன்றாத இது, மேடைக்கு மேடை மதில் எழுந்திருந்த அந்நாளில் அரியதொரு நிகழ்ச்சி.

1924ஆம் ஆண்டு கிட்டப்பாவுக்குக் கிட்டம்மாள் என்னும் பெண்ணை மணம் செய்துவைத்தனர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு நிரம்பவில்லை. ஆனால் மேடையில் அவர் பன்னிரண்டு ஆண்டு பழகியவர். குடும்பத்தின் அடுப்பு எரிந்தது அவர் குரலால். கம்பெனியின் கல்லா நிறைந்தது அவர் குரலால். ஊர் ஊராகக் கொட்டகை போட்ட காண்டிராக்டர்களின் பெட்டி நிறைந்ததும் அவர் குரலால்.

இலங்கையில் இணைந்த இரு குரல்கள்

கிட்டப்பா பிறந்து இரண்டாண்டுகள் கழித்து, 1908இல், காவிரிக்கரைக் கொடுமுடியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குடும்பமும் வறுமையில் உழன்றது. அச்சிறுமி தொடர்வண்டியில் பாடிக்கொண்டு சென்றதை நாடக ஆர்வலரும் இரயில்வே அதிகாரியுமான எஃப்.ஜி. நடேச ஐயர் கேட்டு வியந்தார் என்றும், அதன்பின் அவள் வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தாள் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். அவரே கே.பி. சுந்தராம்பாள். கிட்டப்பாவைப் போன்றே அவரும் குழந்தையாக மேடையேறியவர்; அவரைப் போன்றே ஒலிபெருக்கி வேண்டாத ஓங்கிய குரல் படைத்தவர். இலங்கையில் நாடகம் நடிக்கச் சென்ற சுந்தராம்பாள் அங்கே பெரும்புகழ் பெற்று விளங்கினார்.

அந்நாளில் கொழும்பும் யாழ்ப்பாணமும் தமிழ் நாடகத்துக்கு மதுரையையும் தஞ்சையையும் போன்றே முக்கியமான களங்கள். 1926ஆம் ஆண்டளவில் கிட்டப்பா கொழும்பு சென்றார். வள்ளி திருமணத்தில் வேலனாக அவரும் வள்ளியாகச் சுந்தராம்பாளும் தோன்ற ஏற்பாடாயிற்று. ஸ்பெஷல் நாடகம் என்பது ஒத்திகையற்றது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள், சுவாமிகள் எழுதிய பாடம் இருவருக்கும் பொது என்ற ஒரே துணையுடன் மேடையேறுவர். தினைப்புனத்தில் வேலனும் வள்ளியும் நிகழ்த்தும் தர்க்கப்பாட்டு உண்மையான போட்டியாகவே அமையும். ஒருவர் எடுத்த சுருதிக்கு மற்றவர் ஈடுகொடுக்க இயலாவிடின் கொட்டகையே எள்ளி நகையாடும். சுந்தராம்பாளுக்கு ஈடுகொடுக்க எவரால் இயலும் என்று ஒரு சாராரும், கிட்டப்பாவின் முன் எப்பெண் நிற்பாள் என்று மற்றொரு சாராரும் காத்திருந்தனர்.

போட்டி நிகழவில்லை, பொருத்தம் நிகழ்ந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும்போது எவரேனும் ஒருவர் தம் சுருதியை விட்டு இறங்கவோ ஏறவோ நேர்வது இயல்பு. ஐந்து கட்டையில் நின்ற கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒருவருக்காக மற்றவர் தாழவேண்டிய தேவையே எழவில்லை. ஒரே ஆர்மோனியச் சுருதியில் இரு குரல்களும் தத்தம் முழு வலிமையோடு ஒலித்தன. தமிழ் நாடக மேடை அதுவரை கேட்டிராத இசை அது. மேடைப் பொருத்தம் வாழ்க்கைப் பொருத்தமாக மாற நெடுநாள் ஆகவில்லை. 1927இல் இருவரும் வாழ்க்கைத் துணைவர் ஆயினர். தமக்கெனக் குழு அமைத்து ஊர் ஊராக நாடகம் நடத்தினர். அவர்களிருவர் பெயரும் சேர்ந்து அச்சிடப்பெற்ற நோட்டீசு ஒட்டிய ஊரில் அன்றிரவு வீடுகளில் ஆளிராது என்று முதியோர் சொல்லக் கேட்டவர் பலர்.

இல்வாழ்வு மேடையளவு இசைவாக அமையவில்லை. முன்னரே மணமானவர் என்னும் உண்மை ஒருபுறம். உறவினரின் மனவேறுபாடு மறுபுறம். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிந்திருந்த காலங்களில் இருவரும் எழுதிக்கொண்ட மடல்கள் பின்னாளில் அச்சேறின. அன்பும் ஊடலும் சினமும் மன்னிப்பும் கலந்த அம்மடல்களைப் படிப்போர், மேடையில் வேலனும் வள்ளியுமாகக் கண்ட இருவரும் இருபதுகளைக் கடவாத இரு இளையோர் என்பதை உணர்ந்து திடுக்கிடுவர்.

மூன்று நிமிடத் தட்டு

இன்று ஒரு பாடலின் செல்வாக்கைத் தரவரிசைப் பட்டியல் கொண்டு அளக்கின்றனர். அமெரிக்காவில் பில்போர்டு இதழ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது 1940இல். இங்கிலாந்தில் அத்தகைய பட்டியல் வந்தது 1952இல். இலங்கை வானொலியின் இந்திப் பாடல் வரிசை நிகழ்ச்சி தொடங்கியதும் அதே 1952இல்தான். இவையனைத்துக்கும் முன்பே, 1933இல், கிட்டப்பா மறைந்துவிட்டார். ஆயினும் பட்டியல் ஏதுமின்றியே அவர் பாட்டுகள் எத்தகைய இடம் பெற்றிருந்தன என்பதை அக்கால மக்கள் அறிவர். காப்பிக் கடைகளிலும் திருமணப் பந்தல்களிலும் மிராசுதார் வீட்டுத் திண்ணைகளிலும் குழல்வைத்த கிராமபோன் பெட்டியிலிருந்து எழுந்த குரல்களுள் அவர் குரலே முதன்மையானது.

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலோடு வளரத் தொடங்கியது. முதலில் பாடகர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று உரத்துப் பாடவேண்டும். ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். 1925இல் மேலைநாடுகளில் மின்முறைப் பதிவு வந்து, சில ஆண்டுகளில் இந்தியாவையும் அடைந்தது. அரக்கால் ஆன பத்தங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவே பாட இடமுண்டு. கைப்பிடியைச் சுற்றி விசையேற்றி, ஊசியை மாற்றி மாற்றிக் கேட்கவேண்டும். கேட்குந்தோறும் தட்டுத் தேயும்.

மேடையில் கிட்டப்பாவின் ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் அடங்குவதன்று. இராகத்தை விரித்து, பல்லவியைத் திருப்பித் திருப்பிப் புதிதாக்கி, கொட்டகை ஒன்ஸ்மோர் என்று முழங்க மீண்டும் தொடங்கி, அரைமணி நேரத்தையும் விழுங்கக்கூடியது அது. அந்தக் கடலை மூன்று நிமிடச் செம்பில் முகந்து தரவேண்டிய கட்டாயத்தை இசைத்தட்டு உண்டாக்கிற்று. அவருடைய தட்டுகளை இன்று கேட்போர் ஒன்றை உணரலாம். ஆலாபனைக்கு நேரமில்லை, எடுத்த எடுப்பிலேயே குரல் உச்சிக்குச் சென்றுவிடுகிறது. சுருக்கம் அங்கே குறையாகத் தோன்றவில்லை, அழகாகவே தோன்றுகிறது. பின்னாளில் தமிழ்த் திரைப்பாடல் மூன்று நான்கு நிமிட வடிவில் நிலைபெறுவதற்கு இசைத்தட்டே அச்சாக அமைந்தது. அந்த அச்சில் தமிழ்ப் பாட்டை முதன்முதலில் வெற்றியுடன் வார்த்தவர்களுள் கிட்டப்பாவுக்குத் தனியிடம் உண்டு.

இங்கே எண்ணிப்பார்க்கத்தக்க செய்தி ஒன்றுள்ளது. தட்டுக்கு ஒருமுறை பாடினால் போதும்; அது ஆயிரம் வீடுகளில் ஆயிரம் முறை ஒலிக்கும். மேடைக்கோ ஒவ்வோர் இரவும் புதிதாகப் பாடவேண்டும். அவ்வாறாயின் இசைத்தட்டு ஒரு பாடகனின் சுமையைக் குறைத்திருக்கவேண்டும். கிட்டப்பாவின் வாழ்வில் அது சுமையைக் கூட்டியிருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. மூன்று நிமிடம் கேட்டவர்கள் முழு இரவும் கேட்க விழைந்தனர். தட்டு போன ஊர்களுக்கெல்லாம் அவரும் போகவேண்டியதாயிற்று. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகம், பகலில் அடுத்த ஊருக்குப் பயணம், மறுபடியும் இரவு. உறக்கமற்ற உடலும் ஓய்வற்ற தொண்டையும் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்கும் உரிமையுடையோர் அவரைச் சுற்றி இருந்தனர். கேட்டால் தம் வருவாய் நிற்கும் என்பதையும் அவர்கள் அறிவர்.

திருவாரூர்

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தமிழில் பேசிப் பாடிய முதல் படமாகிய காளிதாஸ் வெளிவந்தது. நாடகக் கொட்டகைகளின் பொற்காலம் முடிவதற்கு அது முன்னறிவிப்பு. பாடத் தெரிந்த நடிகர்களைத் திரைப்படம் தேடிக்கொண்டிருந்த அத்தருணத்தில், பாட்டில் முடிசூடியிருந்த கிட்டப்பாவின் உடல் நலிந்துகொண்டிருந்தது. அவர் வாழ்க்கையை எழுதியோர் ஓயாத உழைப்பையும் மனத்துயரையும் மதுப்பழக்கத்தையும் அதற்குக் காரணங்களாகக் காட்டுவர். மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை போலும். எவ்வாறாயினும், மருத்துவம் செய்துகொண்டு சற்றே தேறியதும் அவர் மீண்டும் மேடைக்கே திரும்பினார். வேறு தொழில் அவர் அறியார். அறிந்துகொள்ளும் வயதில் அவரை எவரும் விடவில்லை.

1933ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் திருவாரூரில் நாடகம். தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரிகள் என்னும் இசை மும்மூர்த்திகளும் பிறந்த ஊர் அது. அவர்களுள் முதல்வரின் கீர்த்தனையைத் தமிழகத்துத் தெருக்களுக்குக் கொண்டு சென்றவர் அவ்வூர் மேடையில் நடித்துக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். நாடகம் நின்றது. அதன்பின் அவர் மேடையேறவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். பாடுவோர் பலருக்கு இசை முதிர்ச்சி வாயிலில் வந்து நிற்கும் வயது இருபத்தேழு. அவருக்கு அது முடிவாயிற்று.

அடுத்த ஆண்டே, 1934இல், பவளக்கொடி என்னும் படத்தின் வாயிலாக எம்.கே. தியாகராச பாகவதர் திரைக்கு வந்தார். ஓங்கிய சுருதியில் பாடும் நாயகனைக் கொண்டாடும் ஒரு காலத்துக்கு வாயில் திறந்தது. அவ்வாயிலின் முன் வந்து நின்று, உள்ளே புகாமலே திரும்பியவர் கிட்டப்பா. திரைப்படத்தில் அவர் உருவம் இல்லை. எவ்வாறு நடித்தார், எவ்வாறு நின்றார், பாடும்போது கை எவ்வாறு அசைந்தது என்பன கண்டவர் நினைவோடு மறைந்தன.

எஞ்சியவை

அவர் விட்டுச்சென்றவற்றுள் தலையாயது ஒரு பெண்ணின் நோன்பு. இருபத்தைந்து வயதில் தனித்து நின்ற சுந்தராம்பாள் வெள்ளாடை புனைந்தார். இனி எந்த ஆடவனுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்று அவர் ஏற்றது ஆண் வேடம். 1940இல் மணிமேகலை என்னும் துறவி. 1953இல் ஔவையார் என்னும் மூதாட்டி. அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்தினால், காதலியாக நடிக்க மறுத்த ஒருத்தியின் உறுதி தெளிவாகப் புலப்படும். தேசிய இயக்க மேடைகளில் பாடினார்; சத்தியமூர்த்தியோடு தேர்தல் களங்களில் குரல் கொடுத்தார்; 1951இல் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார்; 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறையும்வரை, கிட்டப்பா வாழ்ந்ததைவிட நீண்ட காலம், நாற்பத்தேழு ஆண்டுகள், அவர் நினைவோடு வாழ்ந்தார்.

இரண்டாவது எச்சம் அவர் பாணி. சோழவந்தான் அருகே தென்கரையில் 1924இல் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் சிறுவனாகவே அப்பாணியைப் பற்றிக்கொண்டார். 1945இல் ஏவி.எம். எடுத்த ஸ்ரீவள்ளி படத்தில் மகாலிங்கத்தின் குரல் ஒலித்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அடங்கிய மற்றொரு குரலை மூத்த தலைமுறை மீண்டும் கேட்டது. கிட்டப்பாவுக்குக் கிட்டாத திரை, அவர் பாணிக்குக் கிட்டியது.

மூன்றாவது, தேய்ந்த இசைத்தட்டுகள். தொண்டையின் வழியே பாய்ந்த எத்தனையோ ஆயிரம் இரவுகளின் பாட்டில், சில மணித்துளிகளே அவற்றில் தங்கியுள்ளன. கீறலின் இரைச்சலுக்குப் பின்னால், ஆர்மோனியச் சுருதிக்கு மேலே, அக்குரல் இன்றும் தளராது நிற்கிறது. அதில் நோய் இல்லை; களைப்பு இல்லை; வறுமை இல்லை. கேட்பவர் அதனால்தான் எளிதில் மறந்துவிடுகின்றனர், அது ஒரு மனிதனின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை.

பாடும் குழந்தையைக் கண்டால் தமிழர் உள்ளம் உருகும். கைதட்டும், மீண்டும் பாடச் சொல்லும், மேடைக்கு மேடை அழைத்துச் செல்லும். மேடையும் கருவியும் மாறிவிட்டன, அக்கைதட்டல் மாறவில்லை. கிட்டப்பாவுக்குக் கிடைத்த பாராட்டில் குறைவில்லை. கிடைக்காதது ஓய்வும், கல்வியும், போதும் என்று சொல்லும் ஒரு மூத்த குரலும். அவர் புகழைப் பாடும் எந்த விழாவும் இக்குறையையும் சேர்த்து நினைப்பின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும். இன்று எங்கோ ஒரு மேடையில் பாடி முடித்து, அடுத்த பாட்டுக்காக நீர் அருந்திக்கொண்டிருக்கும் சிறுவனுக்கோ சிறுமிக்கோ அதனால் ஓர் இரவு உறக்கம் கிடைக்குமெனில், செங்கோட்டையில் பிறந்த அக்குரல் இன்னும் பயன்படுகிறது என்பது பொருள்.